செயற்கை செல்: கல்லூரி ஆய்வகத்திலேயே தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கை செல், அதாவது உயிருள்ள செல்லைப்போல இயங்கும் அமைப்பை ஆய்வகத்தில் உருவாக்கும் ஆராய்ச்சி என்றாலே அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் வேலை என்று நம் மாணவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. அதன் அடிப்படைச் சோதனை ஒன்றுக்குச் சாதாரணக் கல்லூரி ஆய்வகமே போதும்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் மான் குழு 2011-ல் பாலிலைசினையும் (நேர்மின்னூட்டமுள்ள அமினோ அமிலச் சங்கிலி) ஏடிபியையும் (செல்லுக்கு ஆற்றல் தரும், எதிர்மின்னூட்டமுள்ள மூலக்கூறு) நீரில் கலந்து, எளிய செல்லுக்கு மாதிரியாகச் சவ்வில்லாத நுண்துளிகளை உருவாக்கியது. எதிரெதிர் மின்னூட்டமுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்து, செறிவான துளிகளாகப் பிரிகின்றன. இவையே கோயசர்வேட். பாலிலைசின் விலை கூடுதல். ஜெலட்டினும் அரபிக் கோந்தும் வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

இரண்டிலும் 1 சதவீதக் கரைசல் தயாரியுங்கள். ஜெலட்டினை 40 டிகிரி வெந்நீரில் கரைக்க வேண்டும். ஆறவிட்டால் உறையத் தொடங்கும். கோந்துக் கரைசலை வடிகட்டுவது அவசியம். பாதாம் பிசின் உதவாது, அது கரையாமல் ஊதிவிடும். ஜெலட்டின் 5 மி.லி., கோந்து 3 மி.லி. கலந்து, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். பிஎச் 4 அளவில் கரைசல் அரிசி கழுவிய நீர்போலக் கலங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். ஒரு சொட்டை 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தால் உருண்டைத் துளிகள் மிதப்பதும், இரண்டு தொட்டு ஒன்றாவதும் தெரியும்.

பெரும்பாலும் சறுக்குவது அமிலத்தில்தான். அமிலம் ஜெலட்டினுக்கு நேர்மின்னூட்டம் தருகிறது. கோந்து எதிர்மின்னூட்டத்தோடு இருக்கிறது. அளவு மீறினால் கோந்துக்கு எதிர்மின்னூட்டம் தரும் கார்பாக்சில் தொகுதிகளும் அதை இழக்க, கலங்கல் தெளிந்துவிடும். உப்பு சேர்த்தாலும் துளிகள் கரையும், அயனிகள் ஈர்ப்பை மறைத்துவிடுவதால். இவை இரண்டையும் மாணவர்கள் வேண்டுமென்றே செய்துபார்க்கட்டும். பாடம் அங்கேதான் இருக்கிறது.

சவ்வு இல்லாததால் துளிகள் இணைந்து இணைந்து கடைசியில் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் அதே குழு 2014-ல் துளிகளைச் சுற்றிக் கொழுப்பு அமிலப் படலம் போர்த்தியது. இன்றைய ஆராய்ச்சியின் வாசல் அது. முதுநிலை வேதியியல் செய்முறைப் பட்டியலில் இந்தச் சோதனையைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் சேர்க்க வேண்டும். தேவைப்படும் நுண்ணோக்கி பக்கத்துத் தாவரவியல் துறையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
கோவை