முழங்கால் கட்டிகளைக் கண்டறியத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

முழங்கால் மூட்டின் உள்ளுறையில் அரிதாக வரும், புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் குழு எங்களுடையது. குணமானவர்கள் ஆபரேஷன் செய்த டாக்டரைத் தேடி வந்து நன்றி சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு உங்களுக்குரியது.

மாதக்கணக்கில் வீங்கிக் கிடக்கும் முட்டியைத் தேய்மானம் என்று அனுப்பிவிடாத ஊர் மருத்துவர்களுக்கு முதல் வணக்கம். அடிபடாத முட்டியில் ஊசி போட்டு நீர் எடுக்கும்போது ரத்தம் கலந்து பழுப்பாக வந்தால் பி.வி.என்.எஸ். (மூட்டின் உள்ளுறை தடித்து வளர்ந்து ரத்தம் கசியும் கட்டி) என்ற சந்தேகம் எழ வேண்டும். கூடவே, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியாவையும் காசநோயையும் விலக்கியாக வேண்டும். ஊசிக்கு முன்பே, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனை பார்த்தீர்கள். எடுத்த நீரைக் காசநோய்க் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினீர்கள். காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போடவில்லை. அதற்கும் நன்றி.

எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்களே, வழக்கமான படங்களோடு கிரேடியன்ட் எக்கோ படமும் சேர்த்து எடுத்தீர்கள். சில நிமிடங்கள்தான் கூடுதல். பி.வி.என்.எஸ். கட்டியில் படிந்த ரத்த இரும்பு அதில்தான் கன்னங்கரேலென்று, உள்ள அளவைவிடப் பெரிதாகத் தெரியும். உள்ளுறையில் கொழுப்பு வளரும் லைப்போமா ஆர்போரசென்ஸ் என்றால் கொழுப்பை மறைக்கும் படத்தில் கட்டி இருண்டுவிடும். உள்ளுறையில் குருத்தெலும்புத் துண்டுகள் உருவாகும் காண்ட்ரோமடோசிஸில், அந்தத் துண்டுகளில் சுண்ணாம்பு ஏறாவிட்டால் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாது. கட்டி சிலுவைத் தசைநார்களுக்குப் பின்னால் போயிருக்கிறதா, மூட்டுக்கு வெளியே இறங்கியிருக்கிறதா என்று ரேடியாலஜிஸ்ட் எழுதும் அந்த ஒரு வரியை வைத்தே எங்கள் திட்டம் அமைகிறது.

ஒரே இடத்தில் நிற்கும் கட்டியை முன்பக்கத் துளைகள் வழியாகவே ஆர்த்ரோஸ்கோப்பில் (மூட்டுக்குள் விடும் கேமராக் குழாய்) எடுத்துவிடலாம். பரவிய வகையில் முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்தால் பின்பக்கம் மிஞ்சும். மிஞ்சியது மறுபடி வளரும். அதனால் முழங்காலை 90 டிகிரி மடக்கி, உள்ளிருந்து விளக்கொளி பாய்ச்சித் தோலடி ரத்தக்குழாயைப் பார்த்து விலக்கி, முட்டியின் பின்புறத்தில் உள்பக்கமாக ஒரு துளை போடுகிறோம். பின்புறத்தின் வெளிப்பக்கத் துளை, தொடையின் பைசெப்ஸ் தசைநாருக்கு முன்னால்தான் விழ வேண்டும்; பின்னால் போனால் பெரோனியல் நரம்பு அடிபட்டுப் பாதம் தொங்கிவிடும். மூட்டின் பின்புற உறையை ஒட்டியே, காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பாப்ளிட்டியல் தமனி ஓடுவதால், சதையை அரைத்து உறிஞ்சும் ஷேவரின் வாயைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. கட்டி உறையைத் தாண்டியிருந்தால் பின்பக்கம் திறந்தே எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்களில் அழைத்தவுடன் வந்த ரத்தக்குழாய் அறுவை நிபுணர்களுக்கும், நேரம் நீண்டபோதும் பொறுமை காத்த மயக்க மருத்துவர்களுக்கும் மிகவும் கடன்பட்டிருக்கிறோம்.

தியேட்டர் செவிலியர்களின் கவனத்தைத் தனியே சொல்லியாக வேண்டும். ஷேவர் ஓடுவதற்கு முன்பே, இடுக்கியால் எடுத்த முழுத்துண்டுகளை வாங்கி வைத்தீர்கள். அரைபட்ட சதையில் பயாப்சி சரியாக வராது. முன்பக்கத்துத் துண்டு, பின்பக்கத்துத் துண்டு என்று தனித்தனியாகப் பெயரெழுதி, துண்டைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றினீர்கள். கல்ச்சர் துண்டை மட்டும் கிருமி நீக்கிய சலைனில் போட்டீர்கள். ஃபார்மலினில் விழுந்தால் கிருமி செத்துவிடும், கல்ச்சருக்குப் பயனிருக்காது.

நோய்க்குறியியல் நிபுணர்களின் நிதானம் பல கால்களைக் காத்திருக்கிறது. பி.வி.என்.எஸ்.ஸில் பிரியும் செல்கள் நிறையத் தென்படலாம். காண்ட்ரோமடோசிஸின் செல்கள் குருத்தெலும்புப் புற்றைப்போலவே தோன்றலாம். ஸ்லைடை மட்டும் நம்பாமல் எக்ஸ்ரேயையும் எம்.ஆர்.ஐ.யையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அறிக்கை தந்தீர்கள்.

பிசியோதெரபிஸ்ட்களே, உறையை உரித்த மூட்டு எளிதில் இறுகிவிடும். வலியை அடக்கி முதல் நாட்களிலேயே மடக்கவும் நீட்டவும் வைத்தீர்கள்.

வலியே இல்லாதபோதும் சொன்ன தேதியில் எம்.ஆர்.ஐ. எடுக்க வந்த நோயாளிகளுக்கும், செலவைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்தாருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. பரவிய வகை சில ஆண்டுகள் கழித்தும் திரும்பலாம். சிறிதாக இருக்கும்போதே அதைப் பிடிக்க முடிந்தது நீங்கள் வந்ததால்தான்.

நன்றியுடன்,
முழங்கால் மூட்டு அறுவை சிகிச்சைக் குழுவினர்