பி.காம். மாணவர்களுக்கும் ஒரு பருவப் பணிப்பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு என்று பேசத் தொடங்கினாலே பேச்சு பொறியியல் மாணவர்களோடு நின்றுவிடுகிறது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதித் துறையில் கணக்குப் பிரிவில் பணியாற்றி, வேலை கேட்டு வரும் பி.காம். பட்டதாரிகளை ஆண்டுதோறும் நேர்காணல் செய்தவன் என்ற முறையில், அந்தப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

வங்கிக் கணக்கையும் நிறுவன ஏட்டையும் ஒத்துப்பார்க்கும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்றால் என்ன என்று கேட்டால் பலரும் தடையின்றி விளக்குவார்கள். ஒரு மாத வங்கி அறிக்கையையும் ரொக்க ஏட்டையும் கையில் கொடுத்தாலோ, எங்கே தொடங்குவது என்று திகைப்பார்கள். ஜிஎஸ்டியிலும் இதே நிலைதான். மாதந்தோறும் 14ஆம் தேதி ஜிஎஸ்டி இணையதளத்தில் வரும், விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்களைப் பட்டியலிடும் 2பி அறிக்கையைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எந்த நூல் வியாபாரி தன் பில்லைக் கணக்கில் காட்டவில்லை என்று கண்டறிந்து, அவரிடம் பக்குவமாகப் பேசிச் சரிசெய்ய வைப்பது கணக்கரின் அன்றாட வேலை. தவறினால் நிறுவனத்தின் உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை, முடங்கிவிடும். அந்த அறிக்கையைக் கண்ணால்கூடக் காணாமல் பட்டம் பெற்று வருகிறவர்கள் உண்டு. இதில் மாணவர்கள் மீது குற்றமில்லை. பழைய வினாத்தாள்களை உருப்போட்டாலே தேறிவிடலாம் என்ற நிலையில் தேர்வை வைத்திருப்பது நாம்தான். இன்டர்ன்ஷிப்பும் பல இடங்களில் தெரிந்த அலுவலகத்தில் முத்திரை பெற்ற ஒரு தாளாகச் சுருங்கிவிட்டது. வேதனையான உண்மை இது.

மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தை மனதார வரவேற்கிறேன். ஆயினும் வகுப்பறையில் மேலும் ஒரு பாடத்தைச் சேர்ப்பது பணியிட அனுபவத்துக்கு ஈடாகாது. பட்டப்படிப்பிலேயே ஒரு பருவத்தைப் பணியிடத்துக்கு ஒதுக்க வேண்டும். இதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் இடம் கிடைத்தது. 2019ஆம் ஆண்டு விதிகள் பட்டப்படிப்புப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாயை நிர்ணயித்தன. தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் அதில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்ய வழியுண்டு. குறைந்தது ஒரு பருவப் பயிற்சியைப் பட்டப்படிப்போடு இணைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வழிகாட்டுதலும் வெளியிட்டது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் பொறியியல் படிப்பு, படிப்பும் பணியும் சேர்ந்து நடக்க முடியும் என்பதை நம் பகுதியிலேயே காட்டியிருக்கிறது.

பல்கலைக்கழகம் குமாஸ்தாக்களை உருவாக்கும் இடமா என்று பேராசிரியர்கள் சிலர் கேட்பது நியாயமே. மொழிப்பாடத்தையோ பொருளியலையோ குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறாம் பருவத்தில் மனப்பாடத் தேர்வுக்குச் செலவாகும் நேரத்தைத்தான் கேட்கிறேன்.

பாரதியார் பல்கலைக்கழகம் திருப்பூர், கோவை, ஈரோடு பகுதிக் கல்லூரிகள் சிலவற்றில் வரும் கல்வியாண்டிலேயே இதைச் சோதனை முறையில் தொடங்கலாம். பயிற்சி மதிப்பெண்ணில் ஒரு பகுதியைப் பணியிட மேற்பார்வையாளரே வழங்க வேண்டும். பொறுப்பாசிரியர் மாதம் ஒருமுறையாவது நேரில் சென்று பார்க்க வேண்டும். மாணவிகளின் போக்குவரத்துக்கும் பாதுகாப்புக்கும் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமான உறுதி பெற வேண்டும். இல்லையென்றால் கிராமத்திலிருந்து வரும் பெண்களைப் பெற்றோர் அனுப்பத் தயங்குவார்கள். ஏற்றுமதியாளர் சங்கங்களும் தணிக்கையாளர் அலுவலகங்களும் எத்தனை பேருக்கு இடமளிக்க முடியும் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு இப்போதே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு மேலாளர்,
திருப்பூர்.