படுக்க விடாதவர்களுக்கு நன்றி

பாம்பன் தெற்குவாடி சொந்தங்களுக்கு வணக்கம்.

முப்பது வருஷமாக வள்ளத்தில் போகிறவன் நான். எந்த வாடைக் காற்றிலும் குமட்டியதில்லை. போன மார்கழியில் சளிக்காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் கண் திறந்தால், வீட்டு முகடு சுற்றுகிறது. பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மச்சினன்தான் ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் கொண்டுபோனான்.

இடது காதின் சமநிலை நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் மருத்துவர் அம்மா. நான் முழிப்பதைப் பார்த்து, "ரெண்டு பக்கமும் துடுப்பு போடுறப்ப ஒரு பக்கம் நின்னுட்டா வள்ளம் என்னாகும்?" என்றார். சுற்றும். அதேதான். தலை அசையாதபோதும் இரண்டு காதும் மூளைக்குச் சமமாகச் சேதி அனுப்புமாம். ஒன்று அடங்கினால், தலை திரும்புகிறது என்று மூளை ஏமாந்துபோகும். நரம்பு முழுசாகத் தேறாவிட்டாலும், கண்ணையும் உள்ளங்காலையும் துணைக்கு வைத்துக்கொண்டு சிறுமூளை கணக்கைத் திருத்திக்கொள்ளும். ஆனால் தலையை ஆட்டி, தப்பு எங்கே என்று அதற்குக் காட்ட வேண்டும்.

நானோ அடுத்த சோதனைக்குப் போகாமல், ஒரு கடையில் தலைசுற்றல் மாத்திரை வாங்கி விழுங்கி ஒன்றரை மாதம் படுத்தே கிடந்தேன். முதல் சில நாளைக்குத்தான் அந்த மாத்திரை. நீட்டினால் மூளை பழகுவதையும் அது தடுக்கும் என்று மருத்துவர் அம்மாவிடம் அப்புறம் திட்டு வாங்கினேன்.

பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி தம்பிக்கு நன்றி. இரண்டாம் உலகப் போரில் தலையில் அடிபட்டவர்களுக்காக 1940-களில் காவ்தார்ன், குக்சி என்ற இங்கிலாந்து மருத்துவர்கள் வகுத்த வழியாம் இது.

பக்கத்து வீட்டு ஐந்தாம் வகுப்புக்காரி அட்டையில் 'ழ' எழுதி எதிரே பிடிப்பாள். எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடவலமாக ஆட்ட வேண்டும். முதல் வாரம் 'ழ' தண்ணீருக்கடியில் கிடக்கிற மாதிரி நெளிந்தது. அறுபது வரை எண்ணாமல் விடமாட்டாள். பெரிய வாத்தியார்!

கையைப் பிடிக்காமல், விழுந்தால் தாங்கும் தூரத்தில் கால் புதையும் மணலில் கூடவே நடந்தாள் என் வீட்டுக்காரி. இருட்டில் கண் உதவாது, தள்ளாடுவேன் என்று எதிர்வீட்டு அண்ணன் இரண்டு மாதம் திண்ணை பல்பை அணைக்கவே இல்லை. கரண்ட் பில்லைக் கேட்டால் காட்டமாட்டேன் என்கிறார்.

சித்திரையிலிருந்து மறுபடியும் வள்ளம் ஏறுகிறேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் மெதுவாகத்தான் திரும்புவேன். தலைக்கனம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.