அவள் படிக்கும் நாவலைப் பற்றி அண்ணிக்கு

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா கையில் இருக்கும் இளையோர் நாவலின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, "இதையெல்லாம் இந்த வயதில் படிக்கலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். (15 வயதாகியும் நாம் அவளைப் பாப்பா என்றே கூப்பிடுகிறோம். அவள் எந்நேரமும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) அந்தக் கேள்விக்குப் பதில் சின்னது: படிக்கட்டும். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததுதான் பெரிய விஷயம். "எப்படி இருக்கு என்று கேட்டால் நல்லா இருக்கு என்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை." இதே குறையை வேறு அம்மாக்களும் என்னிடம் சொல்லியிருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். அண்ணனிடமும் காட்டுங்கள்.

முதல் வேலை, அந்த நாவலை நீங்களும் படிப்பது. சின்னப் பிள்ளைகள் புத்தகம் என்று கூச்சப்பட வேண்டாம். 2012-இல் பவ்கர் என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் கணக்கெடுத்தபோது, 12 முதல் 17 வயதுக்காரர்களுக்கென்று வெளியாகும் புத்தகங்களை வாங்குகிறவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள் என்று தெரிந்தது. அவர்கள் வாங்கியதும் பெரும்பாலும் தாங்கள் படிப்பதற்குத்தான். நீங்கள் தனி ஆள் இல்லை.

ஆனால் எப்படிப் படிக்கிறோம் என்பது இருக்கிறதே, அங்கேதான் பெற்றோர் சறுக்குகிறார்கள். லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1978-இல் எழுதிய நூலில் ஓர் உதாரணம் வரும். குழந்தை எதையோ குடித்துவிட்டது. அது விஷம். தாய் பாட்டிலில் ஒட்டிய லேபிளைப் படபடப்போடு படிக்கிறாள். மாற்று மருந்து என்ன என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படாது. ஒரு விவரத்தை எடுத்துக்கொண்டு போவதற்காகப் படிப்பது இப்படி. கதையைப் படிப்பது வேறு. அங்கே படிக்கிற நேரத்தில் நமக்குள் நடப்பதுதான் முக்கியம் என்கிறார். பிள்ளைகளின் நாவலை நாம் கையில் எடுத்தால் அந்தத் தாயைப் போலத்தான் படிக்கிறோம். விஷம் எங்கே இருக்கிறது, மருந்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி. முத்தம் வருகிற பக்கம், கெட்ட வார்த்தை வருகிற பக்கம், கடைசியில் நீதி இருக்கிறதா இல்லையா. அப்படிப் படித்துவிட்டு அவளிடம் பேசப் போனால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். இளையோர் நாவல்கள் நிறையவே "நான்" என்று சொல்லப்படுபவை, அதுவும் நிகழ்காலத்தில். ஓடுகிறேன், பார்க்கிறேன், பொய் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் தன் இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதினால், எல்லாம் ஒருவழியாக முடிந்தது என்பது சொல்பவருக்குத் தெரியும். அந்த நிதானம் நமக்கும் தொற்றிக்கொள்ளும். இங்கே அது கிடையாது. கதை சொல்லும் பெண்ணுக்கு நாளை என்ன ஆகும் என்று தெரியாது. நமக்குத் தெரியும், அதனால் எரிச்சல் வரும். "அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்ததே, ஏன் இந்தக் கூத்து?" என்று 40-ஆம் பக்கத்திலேயே தோன்றும். சொல்லாமல் இருப்பதுதான் கதை.

இந்த வகைக்கு நவீன வடிவம் கொடுத்ததாகச் சொல்லப்படும் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதிய எஸ்.இ. ஹின்டன், அது 1967-இல் வெளியானபோது 18 வயதுப் பெண். எழுதத் தொடங்கியபோது பாப்பாவின் வயதுதான். பையன்கள் கதையைப் பெண் எழுதினாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் பெயரை இனிஷியலாக்கிவிட்டது. அது ஒரு தனிக் கதை.

கஷ்டமான விஷயங்கள் பற்றி. வன்கொடுமை, தற்கொலை, போதை, எல்லாம் இவற்றில் வருகின்றன. 1999-இல் வந்த 'ஸ்பீக்' நாவலில் பாலியல் வன்முறைக்கு ஆளான பள்ளி மாணவி ஒருத்தி வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட வாயே திறக்காமல் இருக்கிறாள். அதைப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொல்லி அமெரிக்காவில் பல முறை எதிர்ப்பு வந்திருக்கிறது. என் கட்சி இதுதான்: 15 வயதுப் பிள்ளைக்கு இவை இருப்பது தெரியும். புத்தகத்தைப் பிடுங்கினால் அந்தத் தகவல் போய்விடாது, அதைப் பேசக் கிடைத்த இடம்தான் போகும். மோசமாக எழுதப்பட்டவையும் உண்டு, மறுக்கவில்லை. துயரத்தை அலங்காரம் போல வைத்துக்கொண்டு அழவைக்கப் பார்க்கிற நாவல்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதை அவளிடம் தாராளமாகச் சொல்லுங்கள். "இது சரியில்லை, தடை" என்பதும் "எனக்கு இது போலியாக இருந்தது" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு அவள் சண்டைக்கு வருவாள். நமக்கு வேண்டியதும் அதுதானே.

சரி, பேச்சுக்கு வருகிறேன். நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்றுதான் அண்ணி: புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள், அவளைப் பற்றிப் பேசாதீர்கள். "அந்தப் பெண் அம்மாவிடம் பொய் சொல்கிறாளே, நீயும் அப்படிச் செய்வாயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அடுத்த நாவல் தலையணைக்கு அடியில் போய்விடும். கதாபாத்திரத்தின் மறைவில் நின்றுகொண்டு பிள்ளைகள் எவ்வளவோ சொல்வார்கள். "அவளுக்கு அந்தப் பையனைப் பிடிக்கவில்லை, தனியாக இருக்கத்தான் பயம்" என்று அவள் சொன்னால் அது நாவலைப் பற்றிய பேச்சாகவே இருக்கட்டும். அந்த மறைப்பை நீங்களாக விலக்காதீர்கள். உண்மையிலேயே அவளைப் பற்றிக் கவலை இருந்தால் நாவலைத் தூது அனுப்பாமல் அம்மாவாக நேரில் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதற்கு எய்டன் சேம்பர்ஸ் நல்ல வழிகாட்டி. ஆங்கிலேயர், அவரே இளையோர் நாவலாசிரியர், பிள்ளைகள் இலக்கியத்துக்கான கார்னெகி பதக்கம் வாங்கியவர். பிள்ளைகளோடு புத்தகம் பேசுவது பற்றி 1993-இல் ஒரு நூல் எழுதினார். அவர் "ஏன்?" என்று கேட்பதைத் தவிர்க்கச் சொல்கிறார். ஏன் பிடித்தது என்றால் பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது, சரியான விடை எங்கோ இருப்பது போல. அதற்குப் பதில் "சொல்லேன்" என்று ஆரம்பிக்கலாம். என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை, எது புரியாமல் உறுத்தியது, எது திரும்பத் திரும்ப வந்தது. இந்த நான்கில் மூன்றாவதுதான் தங்கம். பிடித்ததைச் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகூடப் புரியாததைச் சொல்லிவிடும், நமக்கும் அது புரியவில்லை என்று முதலில் ஒத்துக்கொண்டால்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்'. இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது 2000-இல் தொடங்கியபோது முதலில் வாங்கிய நாவல். ஸ்டீவ் என்ற 16 வயதுக் கறுப்பினப் பையன் கொலை வழக்கில் சிறையில் இருக்கிறான். கடைக்குள் போய், ஆள் இருக்கிறார்களா என்று நோட்டம் பார்த்துச் சொன்னதாகக் குற்றச்சாட்டு; அந்தக் கொள்ளையில் கடைக்காரர் செத்துப்போனார். அவனுக்கு சினிமா பிடிக்கும். அதனால் தன் வழக்கையே திரைக்கதையாக எழுதுகிறான். கேமரா இங்கே, குளோஸப் அங்கே என்று. நடுநடுவே டைரி. கடைசியில் நிரபராதி என்று தீர்ப்பு வருகிறது. அவன் தன் வழக்கறிஞரைக் கட்டிக்கொள்ளக் கைகளை விரிக்கிறான். அவர் விறைத்துப்போய் திரும்பிக்கொண்டு மேசையில் இருக்கும் காகிதங்களை எடுக்கிறார்.

அவ்வளவுதான். "வழக்கறிஞர் ஏன் திரும்பினார்? உனக்கு என்ன தோணுது, சொல்லேன்" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். (நானே "ஏன்" போட்டுவிட்டேன். கதையில் வருகிறவரைப் பற்றி என்றால் பரவாயில்லை.) அவன் செய்தானா இல்லையா என்று நாவல் பளிச்சென்று சொல்லாது. ஒருவர் "அவருக்கு உண்மை தெரியும்" என்பார், இன்னொருவர் "அவரும் இவனைத் தோலை வைத்துத்தான் பார்க்கிறார்" என்பார். கொஞ்ச நேரம் போனால் பிள்ளைகளில் ஒருத்தி இதைக் கண்டுபிடித்துவிடுவாள்: படம் எடுப்பது ஸ்டீவ்தானே, கேமராவை எங்கே வைக்கக்கூடாது என்று முடிவு செய்வதும் அவன்தானே? அந்தக் கணத்தில் அவள் செய்வது முழுசாக இலக்கிய விமர்சனம். யாரும் அவளுக்கு அதைப் பாடமாக நடத்தவில்லை.

அப்புறம் சில்லறை விஷயங்கள். எதிரெதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள், பக்கத்தில் நடந்துகொண்டோ வேறு வேலை பார்த்துக்கொண்டோ பேசுவது எளிது. பாதியில் மூடி வைத்துவிட்டாளா? திட்டாதீர்கள், எந்தப் பக்கத்தில் விட்டாள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் நாவலின் கோளாறு இருக்கும். தடிப் புத்தகம் என்றாலே மலைக்கிற அவள் தம்பிக்கு ஜேசன் ரேனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' கொடுத்துப் பாருங்கள். முழுக்கக் கவிதை வரிகளில் எழுதியது. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கக் கிளம்பிய பையன் லிஃப்டில் இறங்குகிற ஒரு நிமிடம்தான் கதை. ஒரே மூச்சில் முடித்துவிடுவான். தொடர் நாவல்களில் மூன்றாம் பாகம் இழுத்தால் நீங்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம், எந்தப் பாவமும் இல்லை. மிச்சத்தை அவளையே சொல்லச் சொல்லுங்கள். கதை சொல்ல ஆரம்பித்தால் அவள் நிறுத்த மாட்டாள், எனக்குத் தெரியும்.

அடுத்த நாவலை அவளே பொறுக்கட்டும், அதற்கடுத்தது உங்கள் முறை. 'மான்ஸ்டர்' படித்து முடித்ததும் இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாக எழுதுங்கள். வழக்கறிஞர் விஷயத்தில் நீங்கள் ஒரு கட்சி, அவள் ஒரு கட்சி என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்