அந்திக்கு உரிய மார்வா

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் ஒரு வானொலியில் இந்துஸ்தானிப் பாடகர் உஸ்தாத் அமீர் கானின் மார்வா ராகம் கேட்டேன். காலை எட்டு மணிக்கு! மனசு ஒப்பவே இல்லை. பொழுது சாயும்போது பாடுகிற ராகம் அது.

நம் கர்நாடக ராகம் ஹம்சானந்தியில் வருகிற அதே ஆறு ஸ்வரங்கள்தான்; பஞ்சமம் (ப) கிடையாது. ஆனால் மார்வாவில் ரிஷபத்துக்கும் (ரி) தைவதத்துக்கும்தான் (த) முதல் மரியாதை. ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தில் (ஸ) எளிதில் உட்கார விடமாட்டார்கள். அமீர் கான் 14 மாத்திரை ஜூம்ரா தாளத்தில், அந்தக் கனத்த குரலில், கீழ் ஸ்தாயியில் வெகுநேரம் உலவிவிட்டு மெதுவாக ரிஷபத்துக்கு வருவார். இதோ ஷட்ஜம் என்று காத்திருப்போம்; வராது. அப்புறம் ஒரு கட்டத்தில் லேசாகத் தொட்டுவிட்டு விலகுவார். வீடு திரும்பாத பிள்ளைக்காக வாசலில் நிற்கிற மாதிரி நெஞ்சை அடைக்கும். விளக்கேற்றுகிற நேரத்துத் தவிப்பு அது. காலை வெயிலில் எப்படி ஒட்டும்?

1974இல் மறைந்த அந்த மகானின் குரல் ஒலிப்பதிவில் அப்படியே இருக்கிறது. வானொலிக்காரர்கள் தயவுசெய்து அதை மாலை ஆறு மணிக்கு ஒலிபரப்ப வேண்டும். அறிவிப்பில் ராகத்தின் பெயரோடு அதன் வேளையையும் சொன்னால், புதிதாகக் கேட்கிற பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

- ஒரு வாசகர், திருச்சி