வழக்காடப் போனதன் காரணம்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

ஸ்காபரோ, ஒன்ராறியோ

அன்புள்ள அப்பா,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாயிருக்க வேண்டும். குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் சமூகப் பணியை விட்டு, பிரித்துவைக்கும் தொழிலுக்குப் போய்விட்டாயே என்று போன கடிதத்தில் வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்த வருத்தம் உங்கள் மனதில் கிடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சிறுவர் பாதுகாப்பில் வேலை செய்த காலத்தில் வீடுவீடாகப் போவேன். குசினியில் உட்கார்ந்து, தாய் சொல்வதையும் சொல்லாமல் விழுங்குவதையும் கேட்டு, யாருடைய காலடிச் சத்தத்துக்குப் பிள்ளை எழுந்து உள்ளே போகிறது என்று கவனித்து அறிக்கை எழுதுவேன். 'தாய் பயந்திருப்பதாகத் தெரிகிறது' என்ற வரி எங்கள் அலுவலகத்துக்குப் போதும். எந்தத் திகதியில், என்ன நடந்தது, யார் பார்த்தது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும்போது அது நிற்காது. நான் கண்ணால் கண்டவை சான்றில்லாமல் தள்ளப்படுவதைப் பொறுக்க முடியாமல்தான் சட்டம் படித்தேன்.

இப்போது என்னிடம் வருகிறவர்களில் ஒருவரைக் குறித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை, பொதுவாகச் சொல்கிறேன். சில பெண்கள் கடைப் பற்றுச்சீட்டுகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். பால் வாங்கியதற்கும் கணவர் பேனாவால் கோடிட்டுக் கணக்குக் கேட்டிருப்பார். வங்கி அட்டையும் அவரிடமே இருக்கும். "அடிக்கவில்லை, அதனால் சொல்ல ஒன்றுமில்லை" என்பார்கள். ஆனால் 2021 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள கனடிய விவாகரத்துச் சட்டத் திருத்தம், தொடர்ந்து அடக்கியாளும் நடத்தையையும் பணத்தைக் கொண்டு துன்புறுத்துவதையும் குடும்ப வன்முறை என்றே வரையறுக்கிறது. அந்தச் சீட்டுகளைத் திகதிவாரியாக அடுக்கி, சத்தியம் செய்து நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் எழுத்து வாக்குமூலமான சத்தியக் கடதாசியோடு இணைக்கும்போது, குசினியில் கேட்டுப் பழகிய காதுதான் எந்தச் சீட்டைப் பற்றி அந்தப் பெண்ணிடம் மேலும் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்கிறது.

பிரித்துவைக்கும் தொழில் என்றீர்கள், அப்பா. பொருந்தாத நிலைமைகள் தவிர, நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கும்படி கட்சிக்காரரை ஊக்குவிக்க வேண்டும் என்று அதே சட்டம் எங்களைக் கடமைப்படுத்துகிறது. பெற்றோர் பிள்ளையோடு கழிக்கும் நேரத்தைப் பற்றிய கட்டளையில் பிள்ளையின் நலனை மட்டுமே நீதிபதி பார்க்க வேண்டும்.

எனக்கு மிகக் கடினமானது வேறொன்று. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆபத்து என்று நியாயமான சந்தேகம் எழுந்தாலே உடனே அறிவிப்பது அன்று என் கடமை. இன்று கட்சிக்காரர் சட்ட ஆலோசனைக்காக என்னிடம் சொல்வதை இரகசியமாகக் காக்க வேண்டும். ஒன்ராறியோவில் அறிவிக்கும் கடமைகூட அந்த இரகசியக் காப்பை நீக்குவதில்லை. சொன்னால்தான் காப்பாற்ற முடியும் என்று பழகிய மனதை, ஆலோசனை கூறிக் கட்சிக்காரரையே சரியான முடிவுக்குக் கொண்டுவரப் பழக்குவது இலகுவல்ல. இன்றும் அதற்காகப் பாடுபடுகிறேன்.

இந்த மாகாணத்தில் சிறுவர் சட்டத்தரணி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. பெற்றோரின் வழக்கில் நீதிமன்றம் கேட்டால், பிள்ளைக்காக ஒரு சட்டத்தரணியையோ சமூகப் பணியாளரையோ, சில வேளை இருவரையுமோ அது நியமிக்கலாம். அப்படியான வழக்குகளில் பிள்ளையின் பேச்சு தாய் தகப்பனின் சண்டைக்குள் அமுங்கிப்போகாமல் நீதிபதியிடம் போய்ச் சேருவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

சின்னமாமியின் மகள் சட்டமா சமூகப் பணியா என்று குழம்புவதாக அம்மா எழுதியிருந்தா. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இரண்டு பட்டங்களையும் சேர்த்துப் படிக்கும் வழி உண்டு. அவளை எனக்கு நேரே எழுதச் சொல்லுங்கள்.

அன்பு மகள்