களி கட்டி தட்டுனா என்ன பண்றது?

ஆசிரியர் சாருக்கு வணக்கம், உங்க சமையல் பக்கத்துல எல்லாமே சூப்பரா வந்த மாதிரிதான் போடுறீங்க, சொதப்புனா என்ன பண்றதுன்னு ஒரு வரி இல்ல. கல்யாணமாகி பாலக்கோடு வந்த புதுசுல கொதிக்கிற தண்ணில ராகி மாவ மொத்தமா கொட்டிட்டேன், உருண்டைய புட்டா உள்ள காஞ்ச மாவு அப்படியே இருக்கு, மேல வெந்து மூடிக்கிட்டா உள்ள தண்ணி எறங்காதுல்ல. மாமியார் திட்டல, கட்டிய ஒடச்சு திரும்ப வேகவச்சு ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு, காலைல மோரும் சின்ன வெங்காயமும் போட்டு கூழா கரைச்சு குடுத்தாங்க, களிய விட அதான் நல்லா இருந்துச்சு (வீட்டுக்காரர் இன்னும் கிண்டல் பண்றார்). இப்பல்லாம் ஒரு கை மாவ பச்சத்தண்ணில கரைச்சு ஊத்தி, கொதிச்சப்புறம்தான் மீதி மாவு. வாரம் ஒரு சொதப்பலும் போடுங்க சார், நாங்களே எழுதி அனுப்புறோம்.

– ஒரு வாசகி, பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்